பள்ளத்து நீரின் பூர்வீகம்

ஆழ்கடல் பள்ளம் ஒன்றில் தங்கியிருந்த நீருக்குத் தன் பூர்வீகத்தைப் பற்றிப் பேசாமல் பொழுது போகாது. "சூரியன் முகத்திலேயே முழிக்காத வம்சம் நாங்க" என்று பெருமையடிக்கும். ஒருநாள் பக்கத்தில் ஒதுங்க வந்த நீரோட்டம் ஒன்றை, "வந்தவங்க போனவங்களுக்கெல்லாம் இங்கே இடமில்லை, நகரு" என்று விரட்டியது.

கப்பலிலிருந்து கம்பியில் இறங்கிய சாம்பிள் பாட்டிலுக்கு மனசு கேட்கவில்லை. "சண்டை வேண்டாம். ரெண்டு பேர்கிட்டயும் ஒரு வாய் எடுத்துட்டுப் போறேன். யார் எப்போ மேலேயிருந்து இறங்கினாங்கன்னு கப்பல்ல இருக்கிற கருவி சொல்லிடும்" என்றது.

பழைய ஃப்ரிட்ஜுகளிலிருந்து கசிந்த வாயு காற்றில் கலந்து, கடலின் மேல்நீருக்குள்ளும் புகுந்திருந்தது. அந்த நீர் எவ்வளவு ஆழத்துக்கு இறங்கினாலும் வாயு அதை விடாது. கருவி தேடியது அதைத்தான்.

பாட்டில் மறுபடி இறங்கி வந்தது. பள்ளத்துப் பெரிய மனிதரிடம் இதை எப்படிச் சொல்வது என்று அதற்குக் கூச்சமாக இருந்தது.

"ஐயா, ஃப்ரிட்ஜ் வாயு உங்களுக்குள்ளதான் இருக்கு. நீங்க இறங்கி அம்பது வருஷம்கூட ஆகல. இவர்கிட்ட துளிகூட இல்ல. ஃப்ரிட்ஜுன்னு ஒண்ணு வர்றதுக்கு முந்தியே இறங்கினவர் இவர்."

பள்ளத்து நீர் நீரோட்டத்தை ஏற இறங்கப் பார்த்தது.

"ஃப்ரிட்ஜ் காத்துகூடப் படாத பட்டிக்காடா நீ? உனக்கு இங்கே என்ன வேலை, நகரு!"