தாழ்ப்பாள் வாய் திறந்தது

இருட்டிய பிறகு வெளியே ஏதோ கதவைப் பிறாண்டுகிற சத்தம் கேட்டது. உள்ளே தொட்டிலில் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. தாய் பதறி ஓடிவந்து தாழ்ப்பாளைத் தள்ளினாள். அது வழக்கம்போல நிலைச்சட்டத்தில் முட்டிக்கொண்டு முனகியது.

"தினமும் முனகுறியே, என்னடி உனக்கு?" என்றது கதவு.

"ஒண்ணுமில்லக்கா."

"ஒண்ணுமில்லைன்னா உள்ளே போய்ச் சேரேன்!"

"உங்களுக்கே தெரிய வேணாமா?"

"எனக்கென்ன ஜோசியமா தெரியும்? வாயைத் திறந்து சொல்லு மகாராணி."

பிறாண்டல் பலத்தது. கதவே ஆடியது. தாழ்ப்பாளுக்கு நடுக்கம்தான், ஆனாலும் சொல்லிவிட்டது.

"அக்கா, மழையில ஊறி நீங்க அரை விரல் கீழே இறங்கிட்டீங்க. நான் நுழைய வேண்டிய துளை மேலே நிக்குது. கொஞ்சம் எம்பி, நான் உள்ளே போற வரைக்கும் அப்படியே நில்லுங்க."

"இவ்வளவுதானா? ஐப்பசியிலேயே சொல்லியிருக்கலாமே!"

கீல்கள் கிறீச்சிட, கதவு எம்பி நின்றது. தாய் மறுபடி தள்ளினாள். தாழ்ப்பாள், பரிசு வாங்க மேடையேறும் பெண்ணைப் போல நிமிர்ந்து போய், துளைக்குள் 'டக்'கென்று உட்கார்ந்தது.