கணுக்கால்

இன்டர்காம் கிர்ரென்று அலறியது. அபயாம்பாள் எடுத்தாள். "மாலிஷ்வாலி ஆயீ ஹை, மாஜி. ஊப்பர் பேஜூம்?" என்றான் புது வாட்ச்மேன். மாலிஷ் செய்து எண்ணெய் தேய்த்துவிடுகிறவள் வந்திருக்கிறாளாம், மேலே அனுப்பட்டுமா என்று கேட்டான்.

"நான்தான் வரச் சொன்னேன், அம்மா. இடுப்பு வலி தாங்கலை," என்றாள் உள்ளிருந்து மருமகள் ஹரிதா. அவளுக்கு ஏழாம் மாதம். "மாலிஷ் பண்ணிக்கலாம்னு டாக்டரே எழுதிக் கொடுத்திருக்கா."

கதவைத் திறந்த அபயாம்பாளுக்கு மூச்சே நின்றுவிட்டது. வந்தவளின் மூக்கையும் வாயையும் மாஸ்க் மறைத்திருந்தது. ஆனால் அதற்கு மேலே தெரிந்த அந்தப் பூனைக்கண்கள்! விஜயராணியேதான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், செவ்வாய்தோறும் தாராவியிலிருந்து வந்து அபயாம்பாளின் மூட்டுவலிக்கு எண்ணெய் தேய்த்தவள் விஜயராணி. ஒரு நாள், போகிறபோக்கில் ஹரிதாவின் தோளையும் பத்து நிமிடம் பிடித்துவிட்டாள். அன்று ராத்திரியே ஹரிதாவின் மூன்று மாதக் கரு கலைந்தது.

"கணுக்காலை அமுக்கி என் பேரனைக் கொன்னுட்டா, பாவி!" என்று அடுக்குமாடி சொசைட்டி கேட்டில் நின்று அபயாம்பாள் கத்தியதை அன்றைக்கு திலக் நகரே வேடிக்கை பார்த்தது. அதற்கப்புறம் அந்தப் பக்கத்தில் எந்தக் கட்டடத்திலும் விஜயராணியை உள்ளே விடவில்லை.

"பாத்ரூம் எங்கம்மா இருக்கு? கை கழுவணும்," என்றாள் வந்தவள்.

என்னமாய் நடிக்கிறாள்! அபயாம்பாள் கையை நீட்டிக் காட்டினாள்.

விஜயராணி வருகிற நேரத்தில் ஹரிதா ஆபீஸில் இருப்பாள்; அவளைப் பார்த்ததே ஒரு தடவைதான். மாஸ்க்கோடு எங்கே அடையாளம் தெரியப்போகிறது? சொல்லிவிடலாம். ஆனால் சொன்னால் பழைய கதை கிளம்பும். அன்றைக்கு யார் யார் என்ன செய்தார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேள்வி வரும். அது மட்டும் வேண்டாம்.

"இன்னிக்கு வேண்டாமேடி. ராகுகாலம்."

"என் இடுப்புக்கு ராகுகாலம் எல்லாம் தெரியலை, அம்மா."

வந்தவள் பாயை விரித்தாள். "எடது பக்கமா ஒருக்களிச்சுப் படுங்கக்கா. முட்டிக்கு நடுவுல தலகாணி வையுங்க. வயித்துல கை வைக்க மாட்டேன். எங்கயாச்சும் வலிச்சா ஒடனே சொல்லிரணும்."

இளஞ்சூடான எண்ணெயோடு அவள் உள்ளங்கை இடுப்பில் இறங்கியதும், "அப்பாடா!" என்று ஹரிதா கண்ணை மூடிக்கொண்டாள். அபயாம்பாள் நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக் காவல் உட்கார்ந்தாள்.

பூனைக்கண்கள் நிமிர்ந்து அவளைப் பார்த்தன. "கணுக்கால்ல ஒரு எடம் இருக்காம். அங்கன அமுக்கினா புள்ள கலைஞ்சிரும்னு சொல்லுதாவ. நீங்க கேள்விப்பட்டிருக்கியளாம்மா?"

"அதெல்லாம்... எனக்கெப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரிஞ்ச ஒருத்தி மேல அப்படித்தான் பழியப் போட்டாவ. மூணு மாசம் தாண்டாத புள்ளத்தாச்சிய அவ தோளுக்குக் கீழ தொடவே மாட்டா. ஆனா ஒருத்தரும் அவ பேச்ச நம்பல. இப்ப மார்க்கெட்டுல மீன் கழுவுதா." குரலில் கோபமில்லை. அபயாம்பாள் நாற்காலியை இன்னும் நெருக்கிப் போட்டுக்கொண்டாள்.

கை இடுப்பிலிருந்து தொடைக்கு வந்தது. முழங்காலைத் தாண்டியது. கெண்டைக்காலில் மெதுவாக வழுக்கி இறங்கியது.

"போதும், நிறுத்து!"

"கணுக்கால் பாக்கி இருக்குல்லாம்மா?"

விரல்கள் ஹரிதாவின் கணுக்காலைச் சுற்றி வளைத்தன. அபயாம்பாள் நாற்காலியிலிருந்து சரிந்து தரையில் விழுந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தொடாதே! உன் ஆத்திரத்தை என்மேல தீர்த்துக்கோ, குழந்தையை விட்டுடு. நீ ஒண்ணுமே பண்ணலை, எனக்குத் தெரியும். என் பொடிதான்... அந்தப் பொடியாலதான்..."

"எந்தப் பொடி, அம்மா?" ஹரிதா கண்ணைத் திறந்திருந்தாள்.

"கல்யாண் ஸ்டேஷன்கிட்ட ஒரு வைத்தியன் குடுத்தான். பிள்ளைக் குழந்தையாப் பொறக்கும்னான். அன்னிக்கு மத்தியானம் உன் பால்ல கலந்து குடுத்தேன். என்ன சாப்பிட்டாள்னு டாக்டர் கேட்டதும் பயந்துட்டேன்டி. வாய்க்கு வந்த பேரைச் சொல்லிட்டேன்."

வந்தவளின் விரல்கள் கணுக்காலை அழுத்தவே இல்லை. பூவை ஏந்துவதுபோல் தாங்கிக்கொண்டிருந்தன.

ஹரிதா கையை ஊன்றி மெள்ள எழுந்து உட்கார்ந்தாள். அவள் முகத்தில் துளிகூட ஆச்சரியம் இல்லை. "மஞ்சள் பொட்டலம்தானே? போன மாசம் ரவா டப்பாவுக்கு அடியில கிடைச்சது. மேலேயே 'ஆண் குழந்தைக்கு'ன்னு எழுதியிருந்தது. உங்க வாயால கேட்கணும்னுதான் இத்தனை நாள் பேசாம இருந்தேன்."

அபயாம்பாளுக்கு எல்லாம் புரிந்தது; ஹரிதா இவளை வரச் சொன்னதே இதற்குத்தான். அவமானம் தாங்காமல், வந்தவள் பக்கம் சீறித் திரும்பினாள்.

"பழி வாங்கிட்டியோல்லியோ, விஜயராணி? இப்போ திருப்தியா? கிளம்பு!"

அவள் நிதானமாகக் கையைத் துடைத்தாள். மாஸ்க்கைக் கழற்றினாள். அபயாம்பாள் இதுவரை பார்த்தே இராத ஒரு முகம்; பத்து வயதாவது இளைய முகம்.

"நான் அவ தங்கச்சி... விஜயராணி கீழ கேட்டுல நிக்கா, அங்க வந்து இதையே சத்தமாச் சொல்லுங்கம்மா!"