நின்ற லாரியை நம்பி
காலையிலிருந்து அசையாமல் நிற்கும் கன்டெய்னர் லாரியைக் கட்டடம் போல நம்பி, அதன் பின்கம்பியோடு சைக்கிளைச் சங்கிலியால் பூட்டிவிட்டு டீ குடிக்கப் போன அறிவாளி ஜோபின், இப்போது நான்காவது முறையாகப் பேன்ட் பைகளைத் துழாவுகிறான். சாவி இல்லாமலே பூட்டிக்கொள்ளும் பூட்டு, சாவி வீட்டில். மனைவி மகிமா அதை எடுத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் வந்துகொண்டிருக்கிறாள். துறைமுகம் வரை நீளும் வரிசையில், முன்னால் லாரிகள் ஒவ்வொன்றாக உறுமிப் புகை கக்குகின்றன. ஹேண்டில்பாரில் தொங்கும் சாப்பாட்டுப் பை அந்த அதிர்வில் நடுங்குகிறது. லாரி ஜன்னலில் தெரியும் டிரைவரிடம் ஜோபின் கேட்கிறான்: “எப்போ கிளம்புவீங்கண்ணே?” “ஹார்பர் கேட்டு தொறந்தா.” “எப்போ தொறப்பாங்க?” “தொறக்க சொல்லோ தொறப்பாங்க.” இறங்கி வந்த டிரைவர் சௌக்கத் அலி, குனிந்து சங்கிலியைப் பார்க்கிறார். “இன்னா மாமு, சைக்கிள சிங்கப்பூருக்கு ஏத்துமதி பண்றியா? பேப்பரெல்லாம் கைல கீதா?” டீக்கடையே சிரிக்கிறது. ஜோபினும், வேறு வழியில்லாமல், கூடச் சிரிக்கிறான். அதற்குள் முன்லாரி நகர்ந்து, பளீரென்று வெயில் விழும் இடைவெளி திறக்கிறது. பின்னால் ஹாரன்கள் அலறுகின்றன. “அண்ணே, என் சம்சாரம் வர்ற வரைக்கும் நிப்பீங்களா?” சௌக்கத் அலி ஏறி உட்காருகிறார். ஜோபின் இரண்டு கைகளாலும் சைக்கிள் சீட்டைப் பிடித்துக்கொள்கிறான், ஏதோ லாரியையே இழுத்து நிறுத்திவிடுபவன் போல. இன்ஜின் ஒருமுறை குலுங்கி அடங்குகிறது. ஜன்னலிலிருந்து தலை எட்டிப் பார்க்கிறது. “நிப்பேன்.”