சாம்பல் அடிப்பூச்சு

அவள் கம்ப்ரசரை நிறுத்திவிட்டு முகமூடியைக் கழற்றுவதற்குள் அழைப்பு மணி இரண்டாவது தடவை அடித்துவிட்டது.

கணவன் அதற்குள் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றான். அவள் எழுந்தாள், அவன் உட்கார்ந்தான். இரண்டு வருஷப் பழக்கம், பேச்சே தேவைப்படவில்லை. கையுறைகளை மட்டும் உருவி அவன் முன்னால் போட்டாள்.

வந்தவர் சங்கச் செயலாளர். மேசைமேல் பொம்மைப் படைகளை நிறுத்திப் போர் விளையாடுகிறவர்களின் சங்கம்.

நாற்பது பொம்மை வீரர்கள், ஆளுக்கொரு பாட்டில் மூடியில் ஒட்டப்பட்டு, விரல் உயரத்தில் நின்றார்கள். கீழிருந்து கறுப்பு, மேலிருந்து வெளிர் சாம்பல். வெறும் அடிப்பூச்சுதான். ஆனாலும் உச்சி வெயிலில் நிற்கிற மாதிரி ஒவ்வொருவன் சட்டை மடிப்பிலும் நிழல் விழுந்திருந்தது.

"இந்தக் கை யாருக்குண்ணே வரும்? முன்னைக்கு இப்பதான் இன்னும் நல்லா இருக்கு" என்றார் செயலாளர்.

கணவன் அடக்கமாகச் சிரித்தான். வலது கையை மேசைக்கு அடியில் தொடையோடு அழுத்தி வைத்திருந்தான்.

கையில் நடுக்கம் வந்த புதிதில் மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தான். சங்கத்தில் தெரிந்தால் தலை காட்ட முடியாது என்று அழுதான். அப்போது அவள்தான் காற்றழுத்தத்தில் வண்ணம் தெளிக்கிற ஏர்பிரஷ்ஷைக் கையில் எடுத்தாள். முதலில் காற்று, அப்புறம் வண்ணம். ஒரு சாண் தூரம், கை ஓரிடத்தில் நிற்கவே கூடாது. பழைய அட்டைப்பெட்டிகளில் அடித்து அடித்துப் பழகினாள். யாரும் அவளைக் கட்டாயப்படுத்தவில்லை. போன வருஷக் கோப்பை அவன் பெயரோடு அலமாரியில் இருக்கிறது. அதைத் தூசி தட்டுகிறவளும் அவள்தான்.

செயலாளர் செல்போனைத் தூக்கிப் பிடித்தார். "ரெண்டு நிமிஷம் அடிச்சுக் காட்டுங்கண்ணே. வீடியோ எடுத்துக்கிறேன்."

கணவன் அவளைப் பார்த்தான். அவள் பேச வேண்டிய இடம் இது. ஏர்பிரஷ் ஊசி அடைத்துக்கொண்டது, கம்ப்ரசர் சூடாகிவிட்டது என்று எத்தனையோ தடவை சமாளித்திருக்கிறாள்.

"ஊசியெல்லாம் இப்பதான் கழுவினேன். நல்லா ஓடுது, அடிங்க" என்றாள்.

சுவிட்சையும் அவளே போட்டாள்.

அவன் ஏர்பிரஷ்ஷை எடுத்தான். எடுக்காமல் இருக்க வழியில்லை. விசையில் விரல் நிற்கவில்லை. குபுக்கென்று வந்த சாம்பல், கொடி பிடித்திருந்த வீரனின் முகத்தில் தேங்கி, சிலந்திக் கால்களாக நாலா பக்கமும் ஓடியது. பக்கத்தில் நின்ற இருவர் மூடியோடு சாய்ந்தார்கள்.

செயலாளர் போனைத் தாழ்த்தினார். அவன் கையைப் பார்த்தார். பிறகு, முகமூடி அவள் மூக்கின்மேல் பதித்துவிட்டுப் போன சிவப்புக் கோட்டைப் பார்த்தார். ஏதோ அவசர வேலை என்று முனகிவிட்டுக் கிளம்பினார்.

கதவு சாத்திய பிறகும் கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருந்தது. ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்பான் என அவள் காத்திருந்தாள். பதிலும் வைத்திருந்தாள்.

அவன் கெட்டுப்போன வீரனைத் தூக்கி விளக்கில் திருப்பிப் பார்த்தான்.

"நாளைக்குள்ள இதைச் சரி பண்ணிடுவல்ல?"

அன்று காலையில்தான் பெரிய போட்டிக்கான விண்ணப்பத்தை நிரப்பியிருந்தார்கள். நடுக்கத்தில் அவனுக்குப் பேனா பிடிக்க வராது. அவன் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். பெயர், வயது, வாங்கிய பரிசுகள். கடைசிக்கு முந்தின கட்டத்தில் 'உடன் உழைத்தவர்' என்று இருந்தது. அவள் பேனாவை நிறுத்திவிட்டு அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"யாருமில்லைன்னு போடு" என்றான், காபியை உறிஞ்சிக்கொண்டே.

போட்டாள். அவள் கையெழுத்து எப்போதும்போல முத்து முத்தாக இருந்தது.