சிவப்புக் கோட்டைத் தாண்டணும்

“விரலை மடக்குங்கக்கா” என்றாள் இந்துஜா.

எந்த விரலை மடக்க? கை மணிக்கட்டோடு போய் நாலு வருஷமாச்சு.

சென்னையில் பயோமெடிக்கல் இன்ஜினியரிங் படிக்கிற பிள்ளை அவள். கழுகுமலை கல்யாண மண்டபத்தில் அவர்கள் காலேஜ் செயற்கைக் கை முகாம் போட்டிருந்தது. என் முழங்கைக்குக் கீழே மூன்று வயரை ஒட்டியிருந்தாள்.

கை போனாலும் மூளை உத்தரவு போடுமாம். அப்போது தசையில் துளி கரண்டு ஓடுமாம். அதைப் பிடித்துத்தான் மோட்டார் கை விரலை மடக்குமாம்.

கம்ப்யூட்டரில் ஒரு பச்சைக் கோடு. அது சிவப்புக் கோட்டைத் தாண்டி அஞ்சு செகண்டு நின்றால் கை எனக்கு. இல்லையென்றால் வரிசையில் அடுத்த ஆளுக்கு. வந்திருந்ததே ஒரு கைதான்.

டம்ளரைப் பிடிப்பதாக நினைக்கச் சொன்னாள். நினைத்தேன். சீப்பு என்றாள். ம்ஹூம். நாசமாப் போற கோடு, அசையவே இல்லை.

எனக்கு அழுகை முட்டியது. என் சேலையை நானே கட்டிக்கொள்ள வேண்டும். வேறு ஒன்றும் கேட்கவில்லை நான்.

பக்கத்தில் பெருமாள்சாமி முதலாளி மாலையும் கழுத்துமாக நின்றார். நான் வெடிமருந்து கலக்கிய பட்டாசு ஆபீஸ் அவருடையது. முகாமுக்குச் சாப்பாடும் அவர் உபயம்.

“விடும்மா. தூக்கக் கலக்கத்துல மருந்தைக் கிண்டி கையைத் தொலைச்சவ இவ. அடுத்த ஆளைக் கூப்பிடு” என்றார்.

தூக்கக் கலக்கமா?

வெயில் ஏறிட்டு, இனிமே மருந்து கலக்குனா வெடிச்சிரும் அண்ணாச்சி என்று அன்றைக்குத் தலைபாடாக அடித்துக்கொண்டேனே. ஆர்டர் நிக்குது, கலக்குடி என்று விரட்டியது யார்?

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

கோடு விசுக்கென்று எழும்பியது. சிவப்பைத் தாண்டி உச்சியில் போய் நின்றது.

இந்துஜா துள்ளிக் குதித்தாள். “ஐயோ, அஞ்சு செகண்டு தாண்டிருச்சுக்கா! எதைப் பிடிச்சதா நினைச்சீங்க?”

“அண்ணாச்சி சட்டையை.”

முதலாளி சிரிக்கப் பார்த்தார். வரவில்லை.

பத்து செகண்டு. இருபது. கோடு இறங்கக் காணோம்.

“கை உங்களுக்குத்தான்க்கா. போதும், விட்டுருங்க” என்றாள் இந்துஜா, மெதுவாக.

“யாரு கலக்கச் சொன்னதுன்னு அவிய வாயால சொல்லட்டும். பொறவு விடுதேன்.”