மரோட்டி எண்ணெய்

"அங்கனயே நில்லுத்தா. கையை ஏந்து, நான் ஊத்துறேன்," என்றாள் வழியோரக் கிணற்றடியில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த முத்துப்பேச்சி.

அன்னத்தாய் தள்ளி நின்று கையேந்திக் குடித்தாள். அவள் கணவர் சண்முகராஜுக்குச் செம்பிலேயே தண்ணீர் கிடைத்தது. போடியில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர்.

"உங்க மனசு யாருக்கு வரும் அண்ணாச்சி? பெருநோய் வந்தவளைத் தள்ளி விடாம, கொல்லையில தனிக் குடிசை போட்டுக் குடுத்து, வாராவாரம் ஊசிக்கும் கூட்டிட்டுப் போறீக."

சண்முகராஜ் பாதித் தண்ணீரோடு செம்பைக் கீழே வைத்தார்.

தேவாரம் ஊரைத் தாண்டி மாட்டுவண்டி ஊர்ந்தது. மலை இருந்த இடத்தில் மேகம்தான் இருந்தது. வண்டிக்காரன் பின்பக்கமாக விரித்துக் கொடுத்திருந்த தனிச் சாக்கில், அன்னத்தாய் கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தாள். சோளக்காடுகள் விலகி விலகிப் போவதை அரைத்தூக்கத்தில் இருப்பவள் போலப் பார்த்தாள்.

"கஷ்டமா இருக்கா அன்னம்?"

"இல்லைங்க. மேகம் நம்ம கூடவே வருது."

மலையடிவார ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஞானசெல்வி இருவரையும் உள்ளறைக்கு அழைத்துப் போனாள்.

"போன ஊசி கல்லாட்டம் கட்டிக்கிருச்சும்மா. ராத்திரியெல்லாம் தூக்கமில்லை," என்றாள் அன்னத்தாய்.

"போன தடவை போட்ட மரோட்டிக் கொட்டை எண்ணெய் தண்ணியில கரையாதுல்ல. உடம்புக்குள்ளயும் அப்படியே நின்னுக்கிருது. அதான் இப்ப சோடாக்காரம் சேத்து, எண்ணெயையே சோப்புத் தூளாக்கி அனுப்பியிருக்காக. பாருங்க."

ஞானசெல்வி வெந்நீரில் வெள்ளைத் தூளைப் போட்டு மெல்லக் கலக்கினாள். தூள் நூல் நூலாகப் பிரிந்து மறைந்தது. மேலே நுரை எழுந்தது. ஒவ்வொரு குமிழிலும் ஒரு சின்ன சன்னல், சன்னலுக்குள் மேகம் விலகிய ஒரு சின்ன மலை. அன்னத்தாய் கண்ணெடுக்காமல் பார்த்தாள்.

"எண்ணெய் எங்க போச்சு?"

"தண்ணிக்குள்ளதான் இருக்கு. சோப்பா ஆனதால தண்ணியோட சேந்துக்கிருச்சு. ரத்தத்துலயும் இப்படியே கலந்துரும்."

"குணமாயிருமா?"

"படை சுருங்கிட்டுத்தான் வருது. விடாம வந்தா நல்லது நடக்கும்."

அன்னத்தாயின் கண்கள் நிறைந்தன. மருந்தை ஊசிக்குழலில் ஏற்றி ஞானசெல்வி நிமிர்ந்தபோது, சண்முகராஜின் குரல் உடைந்திருந்தது.

"போதும் அன்னம். இன்னைக்கே ஊருக்குச் சொல்லிருதேன்."

அன்னத்தாய் எழுந்து கதவைத் தாழிட்டாள்.

"சொன்னா கடைக்கு யாரு வருவா? பிள்ளைக என்ன செய்யும்? திரும்பி உக்காருங்க," என்றபடி கணவரின் சட்டையைத் தோள்வரை உயர்த்தி, அவர் முதுகில் உணர்வற்றுக் கிடந்த வெளிறிய படையை ஊசி போட வாகாக நர்ஸுக்குக் காட்டினாள்.