கொம்புகளுக்கு நடுவே

மருதையனுக்குப் பிறவியிலேயே தலையில் இரண்டு கொம்புகள். தெருவில் இறங்கினால் தலைப்பாகைக்குள் மறைத்துக்கொள்வான். கொம்புக்காரர்களைக் காப்பாற்ற வரும் போலீஸ் அதிகாரியின் கதை என்று எடுத்த ஒரு படத்தில் அடிவாங்க அவனைக் கூப்பிட்டார்கள். இயக்குநர் அவனைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினார். “உன் கொம்பு நம்புற மாதிரி இல்லையேப்பா.” அதன் மேலேயே ரப்பர் கொம்பை மாட்டி ஒட்டினார்கள்.

படம் வந்த அன்றே மனைவி பூங்காவனத்தைக் கூட்டிப் போனான். துப்பாக்கி வெடித்தும் தூக்கம் வருகிற படம். கொம்புக்காரர்களின் துயரத்தையெல்லாம் போலீஸ் அதிகாரியே பேசித் தீர்த்தார்.

“இதுல நீ எங்கய்யா?”

“மூணாவதா விழுறேன் பாரு, அதான்.”

“அழகாத்தான் விழுற. ஆனா அது உன் கொம்பு இல்லையே” என்றவள், இருட்டில் அவன் தலைப்பாகையை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள்.

பின்வரிசையில் விசும்பிக்கொண்டிருந்தவர் அவன் தோளைத் தட்டினார். “கொம்புக்காரங்க பாவம் தம்பி, மனசே தாங்கல. அந்தத் தலைப்பாகையைக் கட்டிக்கிறியா? படம் மறைக்குது.”

பழக்கதோஷத்தில் அவன் கை அவள் மடிக்குப் போனது. அவள் துணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவன் கையை எடுத்துக்கொண்டான்.

“கட்டுனா இன்னும் மறைக்கும் சார். நடுவுல சந்து இருக்கு, அதுல பாருங்க.”

வேறு வழியில்லாமல் அவர் மீதிப் படத்தை இரண்டு கொம்புகளுக்கு நடுவே பார்த்து அழுதார். அவருக்காக மருதையன் கடைசிவரை தலையை அசைக்காமல் உட்கார்ந்திருந்தான்.